அப்படியானால் யார்

முதலில் அவள் கண்ணில் பட்டது ஒரே ஓர் எழுத்துதான்.

நாற்பத்தொன்றாம் வரிசையில் ‘வசிக்கிறார்’ என்று இருக்க வேண்டிய இடத்தில் ‘வசித்தார்’ என்று இருந்தது. ஆவணம் ஆங்கிலத்தில் இருந்ததால் கடைசி எழுத்து ஒன்றை மாற்றினாலே போதும், நிகழ்காலம் இறந்தகாலமாகிவிடும். கணக்கெடுக்கப் போன பையன்களில் எவனோ அவசரத்தில் தட்டியிருப்பான் என்று நினைத்துக்கொண்டு ஜெனலின் ஆறிப்போன காபியை ஒரு வாய் குடித்தாள். பிற்பகல் மூன்றுகூட ஆகவில்லை, அதற்குள் பனிமூட்டம் சரிவில் இறங்கி, ஜன்னலுக்கு வெளியே சௌசௌ பந்தலின் முதல் இரண்டு கால்களை மட்டும் விட்டுவைத்து மற்றதையெல்லாம் விழுங்கியிருந்தது. தகரக் கூரையிலிருந்து சொட்டும் நீர் எங்கே விழுகிறது என்று தெரியாமல் வெறும் ஓசையாக வந்துகொண்டிருந்தது, ஈரச் சுவரின் பூஞ்சை வாடையோடு பக்கத்து வீட்டு பைன் விறகுப் புகையும் சேர்ந்து அறைக்குள் தங்கியிருந்தது.

அவள் வேலை அதுதான். பிலிப்பைன்ஸின் பாகியோ மலைநகரத்துச் சிறிய நிறுவனம் ஒன்று, மலைச்சரிவுகளில் குடியிருப்போரை ஆள் ஆளாகக் கணக்கெடுத்து, எந்த வீடு மண்சரிவில் போகும் என்று அறிக்கை எழுதிவந்தது. இருபது பேர் ஒரே இணைய ஆவணத்தில் எழுதுவார்கள், ஒருவர் எழுதியதை இன்னொருவர் திருத்துவார். ஒவ்வொரு திருத்தமும் வண்ணத்தில் தெரியும், ஓரத்தில் திருத்தியவர் பெயரும் நேரமும் நிற்கும். ஒரு நாளைக்கு ஆயிரத்துக்கு மேல் வரும் திருத்தங்களை ஒரு மென்பொருள் கருவி வாங்கிப் பிரிக்கும். எழுத்துப்பிழை, மொழிப்பிழை என்றால் தானே ஏற்றுக்கொள்ளும். பொருள் மாறுகிறது என்றால் மட்டும் ஜெனலினிடம் அனுப்பும். காலம் மாறுவதை மொழிப்பிழையில் சேர்த்தது அவள்தான். ஆறு மாதத்துக்கு முன் அப்படி விதி எழுதிவைத்த பிறகு வேலை பாதியாகக் குறைந்துவிட்டது. வாரத்துக்கு ஒருமுறை, கருவி தானாக ஏற்றதில் சிலதை எடுத்துச் சும்மா பார்ப்பாள். இன்று அப்படிப் பார்த்தபோதுதான் நாற்பத்தொன்று வந்தது.

இந்தப் பருவத்துக் கணக்கெடுப்பில் அவள் குடியிருக்கும் துக்லான் சரிவும் இருந்தது. தொண்ணூற்றாறு பேர், தொண்ணூற்றாறு வரிசை. நாற்பத்தொன்று தச்சர் காஸ்பர் ஓலிதான். போன மாதம்தான் அவள் வீட்டுக் கூரைக்கு ஆணி அடித்துவிட்டுப் போனவர். திருத்தியது யார் என்று ஓரத்தைப் பார்த்தாள். பெயர் இருக்க வேண்டிய இடம் காலியாக இருந்தது. ‘பெயரிலி’ என்றுகூட இல்லை. பெயருக்கு உரிய அகலத்துக்கு ஒரு வெள்ளை, அதற்குப் பக்கத்தில் நேரம் மட்டும்: சனிக்கிழமை, 3.12.

நாலரைக்குப் பெர்லா பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து கூட்டிக்கொண்டு வந்தாள். பெர்லா அடுத்த வீடு, ஊர் சுகாதாரப் பணியாளர், கணவனை இழந்தவள். ஜெனலினைவிடப் பத்து வயது மூத்தவள் என்பதால் இவளுக்கு அவள் மனாங், அக்கா; அவளுக்கு இவள் ஆடிங், தங்கை. இரண்டு பேருக்கும் ஆளுக்கொரு ஏழு வயதுப் பெண். ஜெனலினின் லிவேயும் பெர்லாவின் ஐவியும் நனைந்த காலுறையோடு உள்ளே ஓடினார்கள்.

“மனாங், கூரை இன்னும் ஒழுகுது. காஸ்பரை ஒரு தடவை வரச் சொல்லேன்.”

பெர்லா குடையை மடக்கிவிட்டு அவளை ஒரு மாதிரி பார்த்தாள். “எங்கேருந்து வரச் சொல்றது? ஞாயித்துக்கிழமை போயிட்டாரே மனுஷன். தலைவலின்னு உக்காந்தாராம், அவ்வளவுதான். நீ அந்தக் கம்ப்யூட்டரை விட்டு வெளியில வந்தாத்தானே ஆடிங் உனக்கு ஊர் சங்கதி தெரியும்.”

ஞாயிற்றுக்கிழமை. திருத்தம் சனிக்கிழமை.

அன்று மாலை ஜெனலின் அரிசியைக் களைந்து வைத்துவிட்டு, துக்லானில் காலம் மாறிய வரிசைகளை மட்டும் பிரித்தெடுத்தாள். பதினொன்று இருந்தன. எல்லாம் பெயரில்லாதவை, எல்லாம் பிற்பகல் 3.12, எல்லாவற்றையும் கருவி ஒரு நொடிக்குள் ஏற்றிருந்தது. ரொட்டிக்கடைக்காரி, கல் உடைக்கிறவர், பிறந்து நாற்பது நாளான ஒரு குழந்தை. பெர்லாவுக்குப் போன் செய்து, அறிக்கைக்காக என்று சொல்லி, ஒவ்வொரு பெயராகக் கேட்டாள். பெர்லா ஒவ்வொருவரும் இறந்த தேதியைச் சொன்னாள். பதினோரு தேதியும் திருத்தத்துக்கு அடுத்த நாள்.

பன்னிரண்டாவதாக ஒன்று அன்றைக்கே வந்திருந்தது. ரெஸ்டிடுட்டோ, இருபத்திரண்டு வயது, காய்கறிச் சந்தையில் மூட்டை தூக்குகிறவன். அவன் இதோ இப்போதுதான் பாட்டுப் பாடிக்கொண்டு படியேறிப் போனான் என்றாள் பெர்லா.

ஜெனலின் அந்தத் திருத்தத்தைத் திருப்பினாள். வசிக்கிறார். ஆவணம் ஒரு கணம் சும்மா இருந்தது. பிறகு ஓரத்தில் குறிப்புப் பெட்டி ஒன்று திறந்தது. பெயரில்லை. இரண்டே சொற்கள்.

அப்படியானால் யார்?

அவள் மடிக்கணினியை மூடினாள். சமையலறைக்குப் போய் விளக்கைப் போட்டாள், தேவையில்லாமல் இன்னொரு விளக்கையும் போட்டாள். அடுப்பில் கருவாடு வறுத்தாள். கேலி செய்யத் தெரிந்த பையன்கள் அந்த இருபது பேரில் நாலைந்து பேராவது உண்டு என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். மூடிய கணினிக்குள் விசிறி சுற்றும் ஓசை அடங்கவே இல்லை.

மறுநாள் ரெஸ்டிடுட்டோ பாடிக்கொண்டேதான் படியிறங்கினான். எழுபத்தேழாம் வரிசையில் இருந்த பூக்காரி மதியம் தொட்டியில் தண்ணீர் மொண்டபடியே சாய்ந்துவிட்டாள்.

ஜெனலின் கணினியைத் திறந்தாள். நேற்றைய கேள்விக்குக் கீழே பதில் இருந்தது. அவள் பெயரில், அவள் புகைப்படத்தோடு. ‘வரிசை 77. நன்றி.’ அவள் எப்போதும் பதிலை முடிக்கிற மாதிரியே.

அவள் எழுதவில்லை. கணக்கெடுப்பாளர்கள் கேட்ட கேள்வியையே கேட்டு நச்சரிக்கிறார்கள் என்று, வழக்கமான கேள்விகளுக்கு அவள் பாணியில் தானே பதில் சொல்லும்படி கருவியைப் பழக்கிவைத்திருந்தாள். அது நினைவுக்கு வந்ததும் மேலதிகாரி எப்ரெனைக் காணொளியில் அழைத்தாள். அவளைவிட வயதில் சிறியவன், எப்போதும் எதையாவது மென்றுகொண்டே பேசுவான். வரிசை எண் கேட்டால் கருவி எதை வைத்துத் தேர்ந்தெடுக்கும் என்று கேட்டாள்.

“உங்க பழக்கத்தை வச்சுதான் மாம். நீங்க எந்த வரிசையை ஒரு தடவைகூடத் திறந்து பாக்கலையோ, அது உங்களுக்கு முக்கியமில்லன்னு எடுத்துக்கும்.” பிறகு மெல்லுவதை நிறுத்திவிட்டுத் திரையை உற்றுப் பார்த்தான். “ஆனா ஒண்ணு கேக்கணும் மாம். யாருக்குப் பதில் சொல்லியிருக்கீங்க?”

“அந்தக் கேள்விக்குத்தான் சர். மேலே இருக்கே.”

“மேலே ஒண்ணும் இல்லையே. உங்க பதில் மட்டும்தான் இருக்கு. எழுபத்தேழு, நன்றின்னு.” அவன் கொஞ்சம் சிரித்தான். “லீவு போடுங்க மாம் ஜென். மழைக்காலம் முழுக்க வீட்டுக்குள்ளயே அடைஞ்சு கெடந்தா எல்லாருக்கும் இப்படித்தான்.”

அழைப்பை முடித்ததும் தானாகப் பதில் சொல்வதை நிறுத்தினாள். காலம் மாறும் திருத்தம் எதையும் தன்னைக் கேட்காமல் ஏற்கக் கூடாது என்று விதியை மாற்றினாள். மாற்றியதும் மூச்சு விட்டாள். இனி எதுவும் அவளைத் தாண்டிப் போகாது.

மூன்று பன்னிரண்டுக்கு ஒன்று வந்தது. ஏற்கப்படாமல், ஆரஞ்சு நிறத்தில், அவளுக்காகக் காத்துக்கொண்டு.

வரிசை 58. லிவே பாயாங்கன், வயது ஏழு, இந்த வீட்டில் வசித்தாள்.

மறுப்புக் குறியை அழுத்தினாள். அழுத்திக்கொண்டே இருந்தாள். அது போனது, வந்தது. போனது, வந்தது. ஓரத்தில் பெட்டி திறந்தது. அப்படியானால் யார்? யாருமில்லை என்று எழுதினாள். அவள் எழுத்து அவள் கண் முன்னாலேயே பின்னாலிருந்து அழிந்தது. நான் என்று எழுதினாள். வரிசை 57, ஜெனலின் பாயாங்கன். சிவப்பில் ஓர் அறிவிப்பு: சரிபார்ப்பவர் தன் சொந்த வரிசையில் எந்த மாற்றத்தையும் செய்யவோ முன்மொழியவோ முடியாது. முறைகேடு நடக்கக் கூடாது என்று நிறுவனம் போட்ட விதி. அந்த விதியின் வாசகத்தைத் திருத்திக் கொடுத்ததும் அவள்தான். ஆவணத்தையே அழித்தாள். பழைய பிரதி மீட்கப்பட்டது என்று சொல்லிக் கருவி அதைத் திரும்பக் கொண்டுவந்து வைத்தது.

அப்போது வாசலில் பெர்லாவின் குரல் கேட்டது. பெர்லா லிவேயைத் தூக்கிக்கொண்டு வந்திருந்தாள். பின்னால் ஐவி இரண்டு புத்தகப்பையையும் சுமந்துகொண்டு நின்றாள். வகுப்பிலேயே காய்ச்சல் அடித்ததாம், டீச்சர் போன் செய்தாராம். குழந்தையின் உதடு நீலம் பாரித்திருந்தது. இந்த முறை அது அடுத்த நாள்வரை காத்திருக்கவில்லை. படுக்கையில் போட்டுக் கம்பளியைச் சுற்றினார்கள். பெர்லா வெப்பமானியைப் பார்த்துவிட்டு ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தாள். கீழே பாதையில் மண் சரிந்து கிடக்கிறது, இயந்திரம் வந்து அள்ள இரண்டு மணி நேரமாவது ஆகும் என்றார்கள். ஜெனலினின் கணவன் டெல்பின் முட்டைக்கோஸ் லாரியோடு மணிலாவுக்குப் போயிருந்தான். போன் அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை.

“மூச்சு நின்னு நின்னு வருது ஆடிங்,” என்றாள் பெர்லா.

ஜெனலின் அடுத்த அறைக்குப் போனாள். பனி ஜன்னல் கண்ணாடியை ஒட்டி நின்றது. திரையில் கேள்வி அப்படியே இருந்தது. அதற்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கோடு, விட்டு விட்டு, விட்டு விட்டு. அடுத்த அறையில் குழந்தையின் மூச்சும் அதே தாளத்தில் இருந்தது.

பட்டியலைக் கீழே தள்ளினாள். பெயர்களைப் படிக்கக் கூடாது என்று கண்ணை எண்களில் மட்டும் வைத்தாள்.

வரிசை 90.

அனுப்பிய பிறகுதான் பார்த்தாள். விரல் தன் பாட்டுக்கு ‘நன்றி’ என்றும் சேர்த்திருந்தது.

“வேர்க்குது,” என்று உள்ளேயிருந்து பெர்லா சொன்னாள். “காய்ச்சல் விடுது ஆடிங். வந்து பாரு, கண்ணைத் தொறக்கறா.”

ஜெனலின் போய் மகளைக் கட்டிக்கொண்டு அழுதாள். அது நன்றிக்கண்ணீர் என்று பெர்லா நினைத்தாள்.

மறுநாள் 3.12க்கு வரிசை 58 மறுபடியும் ஆரஞ்சாயிற்று.

டெல்பின் வந்ததும் அவள் எல்லாவற்றையும் சொன்னாள். அவன் நம்பவில்லை, ஆனால் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு அன்றைக்கே இருவரையும் சமவெளியில் அண்ணன் வீட்டுக்கு லாரியில் கூட்டிப் போனான். அங்கே பனி இல்லை, வெயில் சுட்டது, கோழிகள் மேய்ந்தன. மூன்று பன்னிரண்டுக்கு லிவே கையிலிருந்த வாழைப்பழத்தோடு முற்றத்தில் குப்புற விழுந்தாள். ஜெனலின் கைபேசியில் ஆவணத்தைத் திறந்து ஓர் எண்ணைத் தட்டினாள். குழந்தை எழுந்து உட்கார்ந்து, பழத்தில் ஒட்டிய மண்ணைத் துடைத்தது. டெல்பின் அதைப் பார்த்தான். பெண்டாட்டியின் கையிலிருந்த போனையும் பார்த்தான். அதற்குப் பிறகு அவன் அவளோடு அதிகம் பேசவில்லை. இரண்டு நாள் கழித்துத் திரும்பி வந்துவிட்டார்கள். ஓடி என்ன ஆகப்போகிறது.

ஆகஸ்ட் போனது. செப்டம்பர் போனது. முதலில் சரிவின் அந்தப் பக்கத்து ஆட்களைக் கொடுத்தாள், முகம் தெரியாதவர்களை. பிறகு வயதானவர்களை. பிறகு வயதாகாதவர்களை. ரெஸ்டிடுட்டோவின் பாட்டு ஒரு புதன்கிழமையோடு நின்றது. மருத்துவக் குழு வந்து தண்ணீரைச் சோதனைக்கு எடுத்துப் போனது, ஒன்றும் கிடைக்கவில்லை. பாதிரியார் வந்து ஒவ்வொரு படியிலும் புனித நீர் தெளித்துவிட்டுப் போனார். சிலர் வீட்டைப் பூட்டிக்கொண்டு ஊரைவிட்டே போனார்கள்; ஆவணத்தில் அவர்கள் வரிசை போகவில்லை. சாவு வீடுகளில் கொடுக்கும் காபியும் பிஸ்கட்டும் கடையில் தீர்ந்துபோயின. அறிக்கை வேலை முடிந்துவிட்டது என்றும் ஆவணத்தைப் பூட்டிவிட்டோம் என்றும் எப்ரென் செய்தி அனுப்பினான். அவளுக்கு மட்டும் அது திறந்தே இருந்தது.

அக்டோபரில் அவள் கேள்வியைப் படிப்பதையே விட்டுவிட்டாள். மூன்று பத்துக்கு உட்காருவாள், எண்ணைத் தட்டுவாள், எழுந்து போய் இரவுச் சாப்பாட்டுக்கு அரிசி போடுவாள்.

ஒரு நாள் அவள் தட்டியது வரிசை 56. டெல்பின் அப்போது மலைப்பாதையில் இருந்தான். பெயரைப் படிக்காவிட்டாலும் யாரென்று தெரிந்துவிடும் எண் அது.

லாரியை மூன்றாம் நாள் பள்ளத்திலிருந்து தூக்கினார்கள். முட்டைக்கோஸ் சரிவு முழுக்கச் சிதறிக் கிடந்ததாம். அடக்கத்துக்கு வந்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். பெர்லாதான் கூடவே இருந்தாள், கஞ்சி வைத்தாள், ஒன்பது நாள் ஜெபத்துக்கும் மெழுகுவத்தி ஏற்றினாள். கடைசி நாள் ஜெபம் முடிந்ததும் அடுப்படியில் உட்கார்ந்து ஜெனலினின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“எனக்கு ஏதாவது ஆச்சுன்னா ஐவியை நீ பாத்துக்கணும் ஆடிங். வேற யாருமில்ல அவளுக்கு.”

ஜெனலின் தலையாட்டினாள்.

“வாயால சொல்லு.”

“பாத்துக்கறேன் மனாங்.”

பெர்லாவின் கை சூடாக இருந்தது, வெங்காய வாசம் அடித்தது. அதற்குப் பிறகு ஜெனலின் ஒரு வாரம் பட்டியலில் வேறு எண் தேடினாள். மேலே, கீழே, மறுபடி மேலே. ஒவ்வொரு நாளும் ஓர் எண் இருந்தது. பிறகு ஒரு நாள் வேறு எண் இல்லை. இருந்தது இரண்டு. இருபத்திரண்டு, இருபத்திமூன்று. தாயும் மகளும்.

இருபத்திரண்டைத் தட்டினாள்.

பெர்லாவை அடக்கம் செய்ய நகராட்சி ஆட்கள் இரண்டு பேர் வந்தார்கள். முகமூடி போட்டிருந்தார்கள், சீக்கிரம் போய்விட்டார்கள். ஐவி அழவில்லை. தன் தலையணையையும் பள்ளிச் சீருடையையும் எடுத்துக்கொண்டு, யாரும் கூப்பிடாமலே, ஜெனலினின் வீட்டுக்குள் வந்து நின்றாள்.

மறுநாள் காலை முதலே வெளியே ஒன்றும் தெரியவில்லை. வீடுகள் இல்லை, படி இல்லை. நாய் குரைப்பதுகூட இல்லை. ஜெனலின் கோழி போட்டு இஞ்சிக் கஞ்சி வைத்தாள், அவித்த முட்டையை ஆளுக்கொன்றாக வைத்தாள், ஐவியின் கிண்ணத்தில் இன்னும் கொஞ்சம் கறியை எடுத்துப் போட்டாள். இரண்டு பேரும் சுவரோர பெஞ்சில் அவளுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, ஜன்னல் கண்ணாடியின் ஈரத்தில் விரலால் பூனை வரைந்துகொண்டே சாப்பிட்டார்கள். பெஞ்ச் உயரம். கால் தரையைத் தொடாது. நான்கு சின்னக் கால்கள் முன்னும் பின்னும் ஆடிக்கொண்டிருந்தன.

மேசையில் கணினி திறந்திருந்தது.

மூன்று பதினொன்று.

மூடிவிடலாம் என்று நினைத்தாள். மூடினால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும். இன்றைக்குத் தட்டினாலும் நாளைக்கு என்ன ஆகும் என்றும் தெரியும். நாளைக்குக் கேட்கும்போது கொடுக்க ஒன்றும் இருக்காது. இருந்தாலும் ஒரு நாள். ஒரு முழு நாள். ஓர் இரவு லிவேயைப் பக்கத்தில் போட்டுக்கொண்டு தூங்கலாம்.

“சித்தி,” என்றாள் ஐவி, திரும்பாமலே. “கஞ்சி எங்க அம்மா வைக்கிற மாதிரியே இருக்கு.”

மூன்று பன்னிரண்டு. பெட்டி திறந்தது.

இரண்டு. மூன்று.

கடைசி இலக்கத்துக்குப் பிறகு விரல் நின்றது. பிறகு அழுத்தியது.

ஜெனலின் தலையைத் தூக்கவில்லை. பெஞ்சுக்கு அடியில் மட்டும் பார்த்தாள். நான்கு கால்கள் ஆடின. பிறகு இரண்டு மெதுவாயின. நேராகத் தொங்கின. ஸ்பூன் ஒன்று தரையில் விழுந்து உருண்டது.

லிவேயின் கால்கள் ஆடிக்கொண்டே இருந்தன. அவள் குனிந்து பக்கத்தில் பார்த்தாள். தன் காலால் ஐவியின் காலை ஒரு தட்டு தட்டினாள்.

அது ஒருமுறை ஆடியது. நின்றது. அவள் மறுபடியும் தட்டினாள்.